மெட்டாலிக், பேர்ல் நிறமிகள்: முதன்முறை வாங்கிக் கலந்து அடிக்கப் போகிறவர்களுக்கு

சாதாரண நிறமியோடு பழகியவர்கள் மெட்டாலிக் பக்கம் வந்ததும் திணறுவது வழக்கம். நானும் திணறித்தான் கற்றேன். விற்பவரிடம் கேட்டால் ஷேடு கார்டை நீட்டுவார், தொழில்நுட்பத் தாளைப் படித்தால் பாதி புரியாது. ஆரம்பத்திலேயே யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் நிறைய பேஸ்டும் (கரைப்பானில் குழைத்த நிறமி) தின்னரும் மிச்சமாகியிருக்கும். சிறிய அளவில் பெயிண்ட் தயாரிப்பவர்கள், கோட்டிங் பட்டறை வைத்திருப்பவர்கள், ஒரு பொருளுக்கு மெட்டாலிக் பூச்சு வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். சிவப்பு, நீலம் போன்ற நிறமிகள் பொடிப் பொடியான துகள்கள். அவற்றை எவ்வளவு அரைக்கிறோமோ அவ்வளவு நல்லது. மெட்டாலிக் (உலோகப் பளபளப்பு), பேர்ல் (முத்துப் பளபளப்பு) நிறமிகளோ தட்டையான செதில்கள். ஒவ்வொரு செதிலும் ஒரு குட்டிக் கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அது உடையாமல் இருக்க வேண்டும், பூச்சுக்குள் தரைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் காப்பாற்றத்தான்.

1. எந்தச் செதில் என்று முடிவு செய்யுங்கள்

"சில்வர் வேண்டும்" என்று கேட்டுப் போனால் கடைக்காரர் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார். நாலு கேள்விக்கு விடை வைத்துக்கொண்டு போங்கள்.

முதல் கேள்வி: லீஃபிங்கா, நான்-லீஃபிங்கா? இரண்டும் அலுமினியம்தான். அரைக்கும்போது சேர்க்கிற கொழுப்பு அமிலம்தான் வேறு. ஸ்டியரிக் அமிலம் சேர்த்து அரைத்தால் செதில்கள் ஈரப் பூச்சின் மேல்பரப்புக்கு மிதந்து வந்து ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும். அதுதான் லீஃபிங். குரோம் போலப் பளபளக்கும், ஈரத்தையும் வெயிலையும் நன்றாகத் தடுக்கும், தொட்டிக்கும் கூரைத் தகட்டுக்கும் அருமையாகப் பொருந்தும். ஆனால் கையால் தேய்த்தால் வெள்ளி ஒட்டிக்கொண்டு வரும். அதன்மேல் கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) அடித்தால் பிடிக்காது, ஏடாக உரிந்து வந்துவிடும். நான்-லீஃபிங் ஓலிக் அமிலத்தில் அரைபடுவது. செதில்கள் பூச்சு முழுவதும் பரவி நிற்கும், வேறு நிறங்களோடு சேரும், மேலே கிளியர் தாங்கும். கார், பைக், வீட்டு உபயோகப் பொருட்கள் எல்லாவற்றிலும் இதுதான். கிளியர் அடிக்கப் போகிறீர்கள் என்றால் லீஃபிங் பக்கமே போகாதீர்கள். டப்பாவில் வெறும் "அலுமினியம் பேஸ்ட்" என்று போட்டிருந்தால் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி: வடிவம். மலிவானது கார்ன்ஃபிளேக். ஓரம் பிய்ந்து முகம் கரடுமுரடாக இருப்பதால் ஒளி சிதறிச் சற்றுச் சாம்பல் தட்டும். அடுத்தது சில்வர் டாலர். நாணயம் போல வட்டமாக, முகம் வழவழப்பாக இருப்பதால் பிரகாசம் கூடும், விலையும் கூடும். அதற்கும் மேலே வெற்றிடத்தில் உலோகத்தைப் படியவைத்து உரித்தெடுக்கும் வகை ஒன்று உண்டு. அதன் தடிமன் 20 முதல் 50 நானோமீட்டர்தான். திரவக் குரோம் போன்ற தோற்றம் அதில்தான் வரும். ஆனால் மிக மென்மையானது. அடியில் இருக்கும் பரப்பில் சின்னக் கீறல் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது: அளவு. தாளில் டி50 என்று மைக்ரானில் போட்டிருப்பார்கள். பாதிச் செதில்கள் அதைவிடச் சிறியவை, பாதி பெரியவை என்று பொருள். 10 முதல் 15 மைக்ரான் வரை என்றால் பட்டுப்போன்ற மென்மையும் நல்ல மறைப்புத்திறனும் கிடைக்கும். 25-க்கு மேலே போனால் மினுமினுப்பு, ஆனால் அடிநிறம் எட்டிப் பார்க்கும். புதிதாக வருபவர்கள் ஷேடு கார்டில் மினுக்குவதைப் பார்த்துப் பெரியதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மறைக்கவில்லையே என்று மூன்றாவது, நான்காவது கோட் அடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு அளவையும் கலந்து பயன்படுத்துவது சகஜமான வழி: சிறியது மறைக்கும், பெரியது மினுக்கும்.

நாலாவது: அலுமினியமா, பேர்லா, தங்கப்பொடியா? தங்கப்பொடி என்று விற்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. துத்தநாகம் கூடக் கூடச் செம்பு நிறம் மாறி மஞ்சள் தங்கமாகும். உள்ளே மாட்டும் அலங்காரப் பொருளுக்குச் சரி. வெளியே வைத்தால் கறுக்கும், பச்சை பிடிக்கும். அமிலத்தன்மை கூடிய ரெசினில் போட்டால் டப்பாவிலேயே கெட்டியாகிவிடும். வெளியில் நிற்கும் பொருளுக்குத் தங்க நிறம் வேண்டுமானால் இரும்பு ஆக்சைடு பூசிய பேர்லைப் பாருங்கள். அது கறுக்காது.

பேர்லில் உலோகமே கிடையாது. மைக்காச் செதிலின்மேல் டைட்டானியம் டை ஆக்சைடு மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். படலம் சுமார் 50 நானோமீட்டர் என்றால் வெள்ளி போலத் தெரியும். தடிமன் ஏறினால் தங்கம், சிவப்பு, நீலம், பச்சை என்று வரிசையாக மாறும். சாயம் எதுவும் இல்லாமலே இந்த நிறங்கள் வருகின்றன. மைக்காவுக்குப் பதிலாகச் செயற்கை மைக்கா, கண்ணாடிச் செதில், அலுமினாச் செதில் ஆகியவையும் உண்டு. இவற்றில் மினுமினுப்பும் சுத்தமும் அதிகம், விலையும் அப்படியே.

நிறம் காட்டும் பேர்லில் ஒரு பொறி இருக்கிறது. நீலப் பேர்லைக் கறுப்பின்மேல் அடித்தால் கண்ணைப் பறிக்கும் நீலம். அதையே வெள்ளையின்மேல் அடித்தால் ஒரு கோணத்தில் மட்டும் மெல்லிய நீலம், மற்றக் கோணங்களில் மஞ்சள் சாயல். நிறமியில் குறை எதுவும் இல்லை. செதிலுக்குள் புகுந்துபோன மிச்ச ஒளியை வெள்ளை அடித்தளம் திருப்பி அனுப்புகிறது, கறுப்பு விழுங்கிவிடுகிறது. அதனால் பேர்ல் வாங்கும்போதே அடிநிறத்தையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்.

2. உங்கள் பைண்டருக்கு ஒத்துவருமா என்று பாருங்கள்

நிறமியைப் பிடித்து ஒட்டவைக்கும் ரெசின்தான் பைண்டர். பேர்ல் இந்த விஷயத்தில் சாது. தண்ணீர், தின்னர், பவுடர் எதிலும் பெரிதாகப் பிரச்சினை செய்யாது. ஒரே நிபந்தனை, பைண்டர் தெளிவாக இருக்க வேண்டும். வெள்ளை டைட்டானியம் நிறமி கொஞ்சம் விழுந்தாலும் பேர்ல் செத்துவிடும். "இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கலாம்" என்று வெள்ளையைச் சேர்க்கும் கை எல்லாப் பட்டறையிலும் ஒன்று இருக்கும். அந்தக் கையைத் தடுங்கள். நிறம் சேர்க்க வேண்டுமானால் ஒளி ஊடுருவும் நிறமிகளை மட்டும் சேருங்கள்.

வெளிப்புறப் பயன்பாடு என்றால் பேர்லில் வெளிப்புற கிரேடு என்று தனியாக உண்டு. டைட்டானியம் டை ஆக்சைடு வெயிலில் பைண்டரையே தின்னும் குணம் உடையது. அதைத் தடுக்க மேலே இன்னொரு பூச்சுக் கொடுத்திருப்பார்கள். உள்புற கிரேடு விலை குறைவு என்று வாங்கி வெளியே அடித்தால் பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு படிந்த மாதிரி ஆகிவிடும்.

அலுமினியம் அப்படிச் சாது கிடையாது. தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயுவை விடும். ஒரு கிராம் அலுமினியம் முழுக்க வினைபுரிந்தால் சுமார் 1.2 லிட்டர் ஹைட்ரஜன் வரும். ஒரு டப்பா பெயிண்டில் எத்தனை கிராம் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மூடி உப்பும், டப்பா வெடிக்கும், பக்கத்தில் தீப்பொறி இருந்தால் அதைவிட மோசம். வாயு வராமல் தப்பினாலும் செதில் அரிக்கப்பட்டுக் கறுத்துவிடும். ஆகவே தண்ணீர் சார்ந்த பெயிண்டுக்குச் சிலிக்கா பூசிய அல்லது பாஸ்பரஸ் சேர்மங்களால் பதப்படுத்திய அலுமினியம்தான் வாங்க வேண்டும். குரோமியத்தால் பதப்படுத்திய வகையும் இருக்கிறது. அறுமதிப்புக் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது என்பதால் அதை ஒதுக்குகிறார்கள், நீங்களும் ஒதுக்குங்கள். பதப்படுத்தியதை வாங்கினாலும் பி.எச். 8-ஐ ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் அமிலத்துக்கும் கரையும், காரத்துக்கும் கரையும்.

தின்னர் சார்ந்த பெயிண்டிலும் முழு நிம்மதி கிடையாது. தின்னரில் ஈரம் இருந்தால் இதே கதை சிறிய அளவில் நடக்கும். குளோரின் சேர்ந்த கரைப்பான்களை அலுமினியத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

பவுடர் கோட்டிங் என்றால் கேட்க வேண்டிய சொல் "பாண்டட்". சாதாரணமாகப் பவுடரோடு செதிலை வெறுமனே கலந்தால், ஸ்ப்ரே கன் வழியாகப் போகும்போது செதில் தனியாகவும் பவுடர் தனியாகவும் பிரிந்து பறக்கும். முதலில் அடித்த பொருளும் கடைசியில் அடித்த பொருளும் வேறு வேறு நிறமாக நிற்கும். பாண்டட் வகையில் பவுடரை லேசாகச் சூடாக்கிச் செதிலை அதன்மேல் ஒட்டவைத்திருப்பார்கள். சூட்டில் உருக்கிப் பிசையும் எக்ஸ்ட்ரூடருக்குள் செதிலைப் போட யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், உடைந்து சாம்பலாக வெளியே வரும்.

3. கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்

சரக்குக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே இவை கைக்கு வந்துவிட வேண்டும். பிறகு அனுப்புகிறோம் என்பவர் பிறகும் அனுப்பமாட்டார்.

தொழில்நுட்பத் தாள்: இதில் டி10, டி50, டி90 மூன்றும் (10, 50, 90 சதவீதச் செதில்கள் எந்த அளவுக்குக் கீழே என்பது) இருக்க வேண்டும். டி50 மட்டும் போட்டிருந்தால் கேளுங்கள். ஒரே டி50 உள்ள இரண்டு பேஸ்ட்டில் ஒன்றுக்கு டி90 மிக அதிகமாக இருந்தால், கன்னை அடைப்பதும் பூச்சில் மணல் மணலாகத் தெரிவதும் அதுதான். திடப்பொருள் சதவீதம், பேஸ்ட்டில் உள்ள கரைப்பான், சல்லடை மிச்சம், லீஃபிங்கா இல்லையா, எந்தப் பைண்டருக்குப் பரிந்துரை, ஆயுட்காலம் ஆகியவையும் வேண்டும்.

பாதுகாப்புத் தரவுத் தாள்: 16 பகுதிகள் கொண்டது. உட்கார்ந்து படிக்க நேரமில்லை என்றால் 5, 7, 14 மூன்றையாவது படியுங்கள். தீ அணைப்பு, சேமிப்பு, போக்குவரத்து. பூசப்பட்ட அலுமினியத் தூளுக்கு ஐ.நா. எண் 1309, எரியும் திடப்பொருள் வகுப்பு. பூசப்படாத தூளுக்கு 1396, தண்ணீரோடு வினைபுரியும் வகுப்பு. இந்த எண்ணைப் பொறுத்து லாரிக்காரரும் கப்பல்காரரும் கேட்கும் கட்டணமும் காகிதமும் மாறும். சரக்கு கிளம்பிய பிறகு இது தெரியவந்தால் கிடங்கில் கிடந்து வாடகை ஏறும். பேர்ல் பெரும்பாலும் ஆபத்தான சரக்கு வகையில் வராது, அதனால் வேகமாக வந்து சேரும்.

பகுப்பாய்வுச் சான்று: நீங்கள் வாங்கும் அதே பேட்ச் எண்ணுக்கு உரியதாக இருக்க வேண்டும். பொதுவான ஒரு தாளை எல்லோருக்கும் நகலெடுத்து அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். டப்பாவில் உள்ள எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

பொம்மை, உணவுப் பாத்திரம், குழந்தைகள் தொடும் பொருள் என்றால் கனஉலோக அளவுகளுக்கான தனி அறிக்கை கேளுங்கள். ஏற்றுமதி என்றால் போய்ச் சேரும் நாட்டின் வேதிப்பொருள் பதிவு விதிகளையும் முன்கூட்டியே பாருங்கள்.

4. செலவைக் கிலோவில் கணக்குப் போடாதீர்கள்

கிலோ விலையை ஒப்பிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண அலுமினியம் பேஸ்ட்டில் சுமார் 65 சதவீதம் உலோகம், மீதி கரைப்பான். 100 கிலோ பெயிண்டுக்கு 3 கிலோ உலோகம் வேண்டுமானால் 3-ஐ 0.65-ஆல் வகுத்துச் சுமார் 4.6 கிலோ பேஸ்ட் வாங்க வேண்டும். வெற்றிடத்தில் செய்த வகை பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதத் திடப்பொருளோடு வரும். 10 சதவீதம் என்றால் டப்பாவில் பத்தில் ஒன்பது பங்கு கரைப்பானுக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். அந்த வகை குறைந்த எடையிலேயே அதிகப் பரப்பை மூடிவிடும் என்பதும் உண்மை. ஆகவே எடையை விட்டுவிட்டு ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள்.

சூத்திரம் எளிது. பெயிண்டின் கனஅளவுத் திடப்பொருள் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி, உலர்ந்த பூச்சின் தடிமனால் (மைக்ரானில்) வகுத்தால், ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டர் மூடும் என்று வரும். 15 சதவீதம், 15 மைக்ரான் என்றால் 10 சதுர மீட்டர். இது காகிதக் கணக்கு. ஸ்ப்ரேயில் கன்னின் வகையையும் பொருளின் வடிவத்தையும் பொறுத்துப் பாதிக்கு மேல் காற்றில் போவதும் உண்டு. கம்பிக் கதவு மாதிரி இடைவெளி அதிகமுள்ள பொருளில் இன்னும் மோசம்.

இதன்மேல் மூன்று செலவுகள் ஒளிந்திருக்கும். மெட்டாலிக்குக் கிளியர் கட்டாயம் என்றால் அந்தப் பொருளும் கூலியும் சேரும். பேர்லுக்கு அடிநிறம், நடுக்கோட், கிளியர் என்று மூன்று அடுக்கு. கூலியும் சூளை நேரமும் அதற்கேற்ப ஏறும். அப்புறம் குறைந்தபட்ச ஆர்டர் அளவு. அரைக் கிலோ தேவைப்படும் இடத்தில் 25 கிலோ டிரம் வாங்கி, மிச்சம் காய்ந்துபோனால் மலிவு விலையே தங்க விலையாகிவிடும். சிறிய பொதியாகப் பிரித்துத் தருபவரிடம் கொஞ்சம் கூடுதல் கொடுத்து வாங்குவதே லாபம் என்பது என் அனுபவம். ஆனால் அவர் பிரித்துக் கொடுக்கும் டப்பாவிலும் மூலப் பேட்ச் எண் இருக்க வேண்டும்.

5. சாம்பிளையும் வந்த சரக்கையும் சோதியுங்கள்

சாம்பிளை உங்கள் சொந்த ரெசினில் அடித்துப் பாருங்கள். விற்பவர் காட்டும் கார்டு அவருடைய ரெசினில், அவருடைய கையால் செய்தது.

கறுப்பு வெள்ளை அட்டையில் பழைய பேட்சையும் புதிய பேட்சையும் அருகருகே ஒரே இழுப்பில் இழுத்து உலரவிடுங்கள். கறுப்பின்மேல் மறைப்பு, வெள்ளையின்மேல் சாயல், சாய்த்துப் பார்த்தால் கருமை எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். பேஸ்ட்டில் சில கிராம் எடுத்து 105 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை உலர்த்தினால் திடப்பொருள் சதவீதம் தெரிந்துவிடும். 45 மைக்ரான் சல்லடையில் கரைப்பான் ஊற்றிக் கழுவினால் கட்டிகள் எவ்வளவு என்று தெரியும். துகள் நுண்மை பார்க்கும் பள்ளமிட்ட அளவுகோல் இங்கே உதவாது. செதில் படுத்துக்கொண்டு பொய் சொல்லும்.

ஒவ்வொரு பேட்சிலிருந்தும் ஒரு சிறு டப்பா நிறைய எடுத்துத் தேதி எழுதி மூடி வையுங்கள். தகராறு வந்தால் பேசப்போவது அதுதான். ஒரு பெரிய வேலை எடுத்திருந்தால் முழுவதுக்கும் ஒரே பேட்சில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் எல்லா டப்பாக்களையும் ஒரு பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள்.

6. கலக்குவது

அவசரப்படுகிறவர்கள் தோற்கும் இடம் இதுதான்.

நிறமியை அரைக்கும் மில் எதிலும் செதிலைப் போடாதீர்கள். மணி மில், பந்து மில், மூன்று உருளை மில் எதுவும் வேண்டாம். வேறு நிறம் சேர்க்க வேண்டுமானால் அந்த நிறத்தைத் தனியாக அரைத்து முடித்து, கடைசியில் செதிலோடு சேருங்கள்.

அலுமினியம் பேஸ்ட்டை நேரே பெயிண்டில் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் உடையாது. வேகத்தைக் கூட்டினால் கட்டியோடு செதிலும் உடையும். முதலில் பேஸ்ட்டைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து, அதே எடை கரைப்பான் ஊற்றி 15 முதல் 30 நிமிடம் ஊறவிடுங்கள். கரைப்பானை இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள். பிறகு மெதுவாகக் கிளறிக் குழம்புப் பதமானதும் ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். சீரான பிறகுதான் அது பெரிய பாத்திரத்துக்குப் போக வேண்டும். துடுப்புக் கலக்கி போதும், சுழல் லேசாகத் தெரிகிற வேகம் போதும்.

தண்ணீர் சார்ந்த பெயிண்டில் ஊறவைக்கும் கரைப்பான் பெரும்பாலும் பியூட்டைல் கிளைக்கால். கூடவே நனைப்பான் கொஞ்சம் சேரும். பி.எச். சரிசெய்ய ஊற்றும் அமைன் என்ற காரப் பொருளை ஒருபோதும் பேஸ்ட்டின்மேல் நேரே ஊற்றாதீர்கள். ரெசினில் அதை முன்பே சேர்த்துச் சரிசெய்துவிட்டு அந்த ரெசினை எடுத்து வாருங்கள்.

பேர்ல் உலர்ந்த தூளாக வரும். ஊறும் நேரம் அவ்வளவு தேவைப்படாது. கரைப்பானில் நனைத்துக் கிளறினால் பரவிவிடும். தூசி கிளம்பும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டுமே கனமானவை, அடியில் படியும். படிவதைத் தடுக்க மெழுகுக் கூழ், தடிப்பாக்கிகள் போன்றவை உண்டு. இவை படிவைத் தடுப்பதோடு, உலரும்போது செதிலைப் படுக்கவைக்கவும் உதவுவதால் இந்தச் செலவில் கைவைக்காதீர்கள். கார் வகைப் பேஸ் கோட்டுகளில் (கிளியருக்கு அடியில் வரும் நிறப் பூச்சு) செல்லுலோஸ் அசிடேட் பியூட்டிரேட் என்ற ரெசின் சேர்ப்பதும் இதற்காகத்தான்: பூச்சு சீக்கிரம் இறுகி, செதில் மறுபடி எழுந்து நிற்க முடியாமல் பிடித்துவைக்கும்.

வடிகட்டும்போது 190 மைக்ரான் வடிகட்டிக் கூம்பு பெரும்பாலான செதிலுக்குச் சரிவரும். அதைவிட நுண்ணியது போட்டால், தடுக்க வேண்டிய கட்டியோடு பெரிய செதில்களையும் தடுத்துவிடும். பளபளப்பு குறைந்த காரணம் தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். பெயிண்டைக் குழாயில் சுற்றவிடும் அமைப்பு இருந்தால் கியர் பம்பு வேண்டாம், டயாஃபிராம் பம்பு வையுங்கள். கியர் பம்பில் சுற்றிச் சுற்றியே செதில் நசுங்கி நிறம் நாளுக்கு நாள் கறுக்கும்.

7. அடிப்பது

ஒரே டப்பா, ஒரே கன், இரண்டு பேர் அடித்தால் இரண்டு நிறம். காரணம் ஈரம். பூச்சு ஈரமாக விழுந்தால் செதில்கள் மிதந்து இஷ்டத்துக்குச் சாய்ந்து நிற்கும், நேரே பார்த்தால் கருமை. உலர்வாக விழுந்தால் விழுந்த இடத்திலேயே மேசைமேல் சிதறிய சீட்டுகள் போலப் படுத்துவிடும், நேரே பார்த்தால் வெளிச்சம். காற்றழுத்தம், கன்னின் தூரம், கை வேகம், தின்னர் ஆவியாகும் வேகம், அறை வெப்பம் எல்லாம் இந்த ஈரத்தைத்தான் மாற்றுகின்றன. வெயில் காலத்துக்கு மெதுவான தின்னர், குளிர் காலத்துக்கு வேகமான தின்னர் என்று மாற்றாவிட்டால், போன மாதம் அடித்த கதவும் இந்த மாதம் அடிக்கும் கதவும் சேராது.

தூரம் 15 முதல் 20 சென்டிமீட்டர், கன் பரப்புக்குச் செங்குத்து, ஒவ்வொரு வீச்சும் முந்தியதைப் பாதிக்கு மேல் மூட வேண்டும். மூடல் குறைந்தால் பட்டை பட்டையாக வரும். தடிமனாக ஒரேயடியாக அடித்தால் மேகம் மேகமாக வரும். இரண்டு மெல்லிய கோட், நடுவில் ஈரப்பளபளப்பு போய் மங்கலாகும் வரை பொறுமை. கடைசியாகக் கொஞ்சம் தூரம் தள்ளி, அழுத்தம் குறைத்து ஒரு தூவல். மேகத்தை அழிப்பது இந்தத் தூவல்தான். மொத்தப் பேஸ் கோட் 12 முதல் 20 மைக்ரானுக்குள் இருக்கட்டும். தடிமன் கூடினால் செதிலுக்கு எழுந்து நிற்க இடம் கிடைத்துவிடும்.

மூன்றடுக்குப் பேர்லில் நடுக்கோட்டின் எண்ணிக்கைதான் நிறம். இரண்டு கோட்டுக்கு ஒரு நிறம், மூன்றுக்கு இன்னொன்று. ஒரு தகட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கோட் என்று படிக்கட்டாக அடித்துக் கிளியர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் எதைச் சம்மதிக்கிறாரோ அதில் கையெழுத்து வாங்குங்கள்.

ஒன்றாகப் பொருத்தப்போகும் பாகங்களை அவை நிற்கும் நிலையிலேயே மாட்டி அடியுங்கள். ஒன்றைப் படுக்கவைத்தும் இன்னொன்றைத் தொங்கவிட்டும் அடித்தால் பொருத்தியதும் வித்தியாசம் தெரியும்.

பேஸ் கோட்டில் தூசி விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டு நேரே கிளியருக்குப் போகாதீர்கள். அறுபட்ட செதில்கள் கறுப்புக் கீறலாகக் கிளியருக்கு அடியில் நிரந்தரமாகத் தங்கிவிடும். தேய்த்தால் அந்தப் பாகத்துக்கு மறுபடி பேஸ் கோட் அடித்தே ஆக வேண்டும்.

பவுடரில் மூன்று எச்சரிக்கை. எர்த்திங் சரியாக இருக்க வேண்டும். அறையில் சேகரமாகும் பவுடரை மறுபடி ஊற்றும்போது புதியதோடு எந்த விகிதத்தில் கலக்கிறீர்கள் என்பதை முதல் நாளே முடிவு செய்து அதை மாற்றாமல் இருங்கள். கன்னின் முனையில் அலுமினியம் படிந்தால் கட்டியாகத் துப்பும், இடையிடையே துடையுங்கள்.

8. நிறம் பார்ப்பது

ஒரு கோணத்தில் அளக்கும் சாதாரண நிறமானி மெட்டாலிக்குப் போதாது. பல கோணக் கருவி 15, 25, 45, 75, 110 டிகிரிகளில் அளக்கும். உலோகச் செதிலுக்கான ஏ.எஸ்.டி.எம். முறை ஈ2194, பேர்ல் போன்ற நிறம் மாறும் வகைகளுக்கு ஈ2539. கருவி விலை அதிகம். வாங்க முடியாதவர்கள் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து அளக்கலாம். ஆர்டர் ஒப்பந்தத்தில் "நிறம் ஒத்துப்போக வேண்டும்" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். எந்தக் கோணங்களில், எவ்வளவு விலகல்வரை ஏற்பார்கள் என்று எழுதுங்கள்.

கருவி இல்லாமல் பார்க்க: நேர் வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை. நேராக, சாய்வாக, கிட்டத்தட்டத் தரைமட்டமாக. கிளியர் போட்ட பிறகுதான் பாருங்கள், கிளியருக்கு முன் தெரிவது வேறு நிறம்.

9. நாள் கணக்கு

வாடிக்கையாளரிடம் தேதி சொல்லும் முன் இதைப் பாருங்கள். துரித வானிலைச் சோதனை 1,000 மணி நேரம் என்றால் கருவி நிற்காமல் ஓடினாலும் 42 நாள். 2,000 மணி என்றால் 84 நாளை ஒதுக்குங்கள். தண்ணீர் சார்ந்த அலுமினியப் பெயிண்டுக்கு வாயுச் சோதனையை 40 டிகிரியில் 30 நாள் வரை வைத்துப் பார்ப்பது வழக்கம். அவசரம் என்று இதைத் தவிர்க்காதீர்கள், கடைக்குப் போன டப்பா உப்பும் பிரச்சினையை விட முப்பது நாள் மலிவு. இவற்றை ஒரே நேரத்தில் தொடங்கலாம். ஒன்று முடிந்து இன்னொன்று என்று வரிசையாக வைத்தால் நாலு மாதம் வரை போய்விடும்.

அமிலத் துளி, காரத் துளி சோதனை ஒரே நாளில் முடியும். நீர்த்த அமிலமும் காரமும் ஒவ்வொரு துளி பூச்சின்மேல் வைத்து மூடி, கழுவிப் பார்த்தால் செதில் கறுக்கிறதா என்று தெரியும். சிமெண்டுக்குப் பக்கத்தில் இருக்கப்போகும் பொருளுக்கு இதை முதலிலேயே செய்துவிடுங்கள். தேறாவிட்டால் மற்றச் சோதனைகளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

10. வைத்திருப்பதும் அப்புறப்படுத்துவதும்

பேஸ்ட் டப்பாவை எடுத்தவுடன் மூடுங்கள். ஓரத்தில் காய்ந்த பேஸ்ட்டைச் சுரண்டி உள்ளே தள்ளாதீர்கள், அது இனி எந்தக் கரைப்பானிலும் கரையாமல் பூச்சில் முள்ளாக நிற்கும். லீஃபிங் வகை பழசானால் மிதக்கும் குணத்தை இழக்கும். பழையதை முதலில் எடுங்கள்.

உலர்ந்த அலுமினியத் தூள் காற்றில் மேகமாகப் பறந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். பாத்திரத்தை எர்த் செய்யுங்கள், பொறி பறக்காத கரண்டி வையுங்கள், காற்றுக் குழாயால் தரையை ஊதாதீர்கள், சாதாரண வேக்குவம் கிளீனரும் கூடாது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, கார்பன் டை ஆக்சைடும் வேண்டாம். உலர்ந்த மணலோ, உலோகத் தீக்கான டி வகைத் தூளோ மெதுவாகப் போட்டு மூடுங்கள். அந்த மணல் வாளி பேஸ்ட் அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அது உலர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க ஓர் ஆளை நியமியுங்கள்.

கழிவு டிரம்மைத் தனியாக வையுங்கள். அலுமினியம் கலந்த மிச்சத்தைத் தண்ணீர்ப் பெயிண்ட் கழிவோடோ, பெயிண்ட் உரிக்கும் காரக் கரைசலோடோ ஒரே டிரம்மில் ஊற்றினால் அங்கேயும் ஹைட்ரஜன்தான். டிரம்மின் மேல் "அலுமினியம், தண்ணீர் சேர்க்காதே" என்று பெரிதாக எழுதி, இறுக்கி மூடாமல் காற்றுப் போகும் மூடி போட்டு, கழிவு எடுக்கும் நிறுவனத்திடம் கொடுக்கும்போது பாதுகாப்புத் தரவுத் தாளின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.